டானாவின் முட்டியும் என் வலது கையும்

செம்பூரில் ஹார்பர் லைன் ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறினால், இறங்குவதற்குள் நாலு பேராவது என் காலை மிதித்துவிடுகிறார்கள். ஒருத்தியும் குனிவதில்லை. நம் ஊரில் தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, இங்கே அதற்காகக் குனிந்தால் நிமிர இடம் கிடைக்காது. வந்த புதிதில் நான் குனிந்தேன். நிமிர்ந்தபோது என் ஸ்டேஷன் போய்விட்டிருந்தது.

மைதானத்தில் பிழைப்பே போகப் பார்த்தது. நான் ஒரு பெண்கள் கால்பந்து கிளப்பில் மிட்ஃபீல்டர், அதாவது நடுக்கள ஆட்டக்காரி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், பட்டம் வாங்கிய முதல் ஆள், உதைப்பதற்குச் சம்பளம் வாங்கும் முதல் ஆளும் நான்தான். இந்த இடம் போனால் திருநெல்வேலிக்கு ரயிலேற்றிவிடுவார்கள்; அங்கே மாப்பிள்ளை தயார். ஆனால் பந்துக்கு நீட்டிய கால் எவள் மேலாவது பட்டால், கை தானாகப் போய் அவளைத் தொட்டுவிட்டு என் கண்ணுக்கு வந்துவிடும். அதற்குள் பந்து பறிபோகும். "ஏ மந்திர் ஹை க்யா?" என்று, இதென்ன கோயிலா என்று, கோச் இந்தியில் கத்துவார்.

அப்போதுதான் எங்கள் கிளப்புக்கு டானா வந்தாள். அமெரிக்காவில் பன்னிரண்டு வருடம் தொழில்முறை மிட்ஃபீல்டர். ஒரு கிளப் அவளைக் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில், ஒரு வார்த்தை கேட்காமல், வேறு நகரத்துக்கு மாற்றிவிட்டதாம். அடுத்த கிளப்பை இழுத்து மூடினார்கள். வலது முட்டியில் இரண்டு ஆபரேஷன். மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பார்கள், அங்கே முட்டியைப் பார்ப்பார்கள் போல. "சொந்த ஊர் எது?" என்று கேட்டேன். "எந்த வருஷத்தில்?" என்றாள்.

முதல் ஆட்டத்தில் எதிரணிக்காரி ஒருத்தியை இடித்துவிட்டு, வழக்கம்போல் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். டானா பதறி ஓடிவந்தாள். "கான்டாக்ட் லென்ஸ் விழுந்துவிட்டதா? யாரும் அசையாதீர்கள்!" என்று மண்டியிட்டுப் புல்லில் தேட ஆரம்பித்தாள். எதிரணி அசைந்தது. கோல்.

பிறகு விளக்கிச் சொன்னேன். கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். அடுத்த ஆட்டத்திலிருந்து எவளையாவது நன்றாகச் சாய்த்துவிட்டு, குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றுவாள். மஞ்சள் கார்டை எடுக்கப் போன ரெஃபரி உருகிப்போய்ப் பையிலேயே விட்டுவிடுவார். பேப்பரில் படத்தோடு பாராட்டு வேறு. தாராவியில் நான் தங்கியிருக்கும் வீட்டில் சித்தி அதை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாருட்டி, வெள்ளக்காரிக்கு எம்புட்டு மரியாத! நீயுந்தான் இருக்கியே!"

"நான் செஞ்சா ஏசுதாவ சித்தி."

"போட்டோ எடுக்கப்ப செய்யணும்ட்டி."

சீசன் முடிந்தது. அடுத்த வருடத்து அணியின் நடுக்களத்தில் ஓர் இடம்தான் இருந்தது. டானாவும் அதைக் கேட்டிருந்தாள். யாருக்கென்று முடிவு செய்ய ஒரு தேர்வு ஆட்டம் வைத்து, எங்களை எதிரெதிர் அணியில் விட்டார்கள். "இன்று குனிந்தால் அப்படியே ஊருக்குப் போய்விடு" என்று கோச் சொல்லியிருந்தார். என் கால் பந்தோடு சேர்த்து அவளது வலது முட்டியிலும் பட்டது. விழுந்தாள். கை கிளம்பியது. மடக்கிக்கொண்டு ஓடினேன். கோல் விழுந்தது, கோச் கைதட்டினார்.

டானா முட்டியைப் பிடித்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்று லென்ஸ் பத்திரமா?" என்றாள்.

இடம் எனக்குக் கிடைத்தது. அவள் இன்னொரு ஊருக்குப் பெட்டி கட்டினாள். அன்று மாலை செம்பூரில் ரயிலேறியபோது என் ஷூ ஓர் அம்மாளின் காலில் பட்டது. கை பாதி வழி போனது. தொடவும் முடியவில்லை, திரும்ப எடுக்கவும் முடியவில்லை. கூட்டம் அதை அங்கேயே நெருக்கிப் பிடித்துக்கொண்டது, குர்லா ஸ்டேஷன் வரும்வரை.