மாசாணியம்மாள் வாயில் வராத சொல்

கணபதி என்கிற பேட்டையில், இரும்பு கடையும் லேத்துப் பட்டறைகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு சந்தில் குடியிருந்தாள் மாசாணியம்மாள். அவள் வாயில் வராத சொல் ஒன்று உண்டென்றால் அது ‘முடியாது’. எதிரே நிற்பவர் முகம் சுருங்கிவிடுமே என்று பதறுவாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் பக்கத்து வீட்டுக்காரி நீட்டுகிற குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போன வீட்டில், கூப்பிட்டார்களே என்று மறுபடியும் இலையில் உட்காருவாள். கேட்டவரை மறுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று சந்தே புகழ்ந்தது. சந்துக்கென்ன, காசா பணமா, புகழ்ந்துவிட்டுப் போகும்.

தொண்ணூற்றாறாம் வருடக் கோடையில்தான் அந்த மரியாதைக்குச் சோதனை வந்தது. மகள் யுவஸ்ரீ இரண்டாம் வகுப்பு முடித்து லீவில் இருந்தாள். ‘சம்மர் கிளாஸ்’ என்கிற காய்ச்சல் அப்போதுதான் கணபதிக்குள் நுழைந்திருந்தது. கம்பத்துக்குக் கம்பம் விளம்பரத் தட்டி கட்டியிருந்தார்கள்.

முதலில் கராத்தே மாஸ்டர் கண்ணையா வாசலில் வந்து நின்றார். “பொம்பளப் புள்ளைக்குத் தைரியம் வேணுமுங்க” என்றார். “சேரீங்க” என்றாள் மாசாணியம்மாள். அடுத்து, கடைப் பலகைகள் எழுதும் அப்துல் குத்தூஸ், பாப்பாவுக்குக் கை நன்றாக ஓடுகிறது, படம் வரைய அனுப்புங்கள் என்றார். அதற்கும் “சேரீங்க.” மூன்றாவது ஆள் சௌந்தரநாயகி. மாசாணியம்மாளின் கணவன் மயில்சாமி லேத்து ஓட்டிய பட்டறையின் முதலாளியம்மா. வீட்டு மாடியில் இந்தி சொல்லிக்கொடுத்தார். அவரிடம் யாரால் மறுக்க முடியும்? நாலாவதாகப் பாட்டு. இதற்கு யாரும் வந்து கேட்கவில்லை. சின்ன வயதில் பாட்டு வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டதோடு முடிந்துபோன தன் ஆசையை, மாசாணியம்மாள் தானே மகளின் தலையில் வைத்தாள்.

ஆக விடிந்ததும் கராத்தே, பலகாரம் சாப்பிட்டதும் இந்தி, மத்தியானம் படம், சாயங்காலம் பாட்டு. “ஏம்புள்ள, பட்டறையிலயே எங்களுக்கு ஒரு ஷிப்டுதான்” என்று மயில்சாமி சிரித்தான்.

யுவஸ்ரீ ஒரு நாளும் முரண்டு பிடிக்கவில்லை. “போலாங்களா கண்ணு?” என்றால் “சேரீங்கம்மா” என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். எத்தனை அடக்கமான பிள்ளை என்று தாய்க்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு சாயங்காலம் பாட்டு முடிந்து வந்த பிள்ளை, சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப்போனது. வாரி எடுத்தபோது கண் திறக்காமலே முனகியது. “சேரீங்க மாஸ்டர்... சேரீங்க...” மாசாணியம்மாள் அதன் விரலில் ஒட்டியிருந்த சோற்றைத் துடைத்துவிட்டாள்.

மறுநாளே கராத்தேயை நிறுத்திவிட்டு வருவதென்று கிளம்பினாள். கண்ணையா வீட்டில் உட்காரவைத்து முறுக்கும் காப்பியும் கொடுத்தார்கள். எழுந்திருக்கும்போது மாஸ்டர், “ஞாயித்துக்கெழமையும் அனுப்பிப்போடுங்க, சீக்கிரமா பெல்ட்டு வாங்கிறலாம்” என்றார். “சேரீங்க” என்றுவிட்டுத் தெருவுக்கு வந்த பிறகுதான் தான் செய்த காரியம் அவளுக்கே உறைத்தது. நிறுத்தப் போனவள் ஒரு நாளைக் கூட்டிக்கொண்டு திரும்பியிருந்தாள்!

தலை வாரிவிடும்போது மகளிடமே கேட்டாள். “ஏனுங்க கண்ணு, கராத்தே புடிக்கலீங்களா?”

யுவஸ்ரீ ரிப்பன் நுனியை விரலில் சுருட்டினாள்.

“இந்தி?”

ரிப்பன் இன்னொரு சுற்று சுருண்டது.

“புடிக்கலைன்னா அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமுல்லீங்க சாமி?”

யுவஸ்ரீ திரும்பிப் பார்த்தாள். குற்றம் சொல்லும் பார்வை அல்ல. உண்மையாகவே அவளுக்குச் சந்தேகம். “அப்படிச் சொல்லலாமுங்களாம்மா? நீங்க ஆருகிட்டயுமே சொல்லமாட்டீங்களே.”

சீப்பு கையிலேயே நின்றது. நாலு வகுப்புக்கு அனுப்பினாலும் பிள்ளை ஐந்தாவதாக ஒன்றைத் தன்னிடமிருந்து நன்றாகவே கற்றிருக்கிறது. நாளைக்கு வளர்ந்த பிறகு யார் எதைக் கேட்டாலும் இப்படித்தான் தலையாட்டுமா?

மறுநாள் காலையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். “முதலாளியம்மா கோவிச்சுக்கிட்டா?” என்றான் மயில்சாமி. “கோவிச்சுக்கட்டுமுங்க” என்றாள். அவளிடமிருந்து அப்படி ஒரு பேச்சைக் கேட்டறியாத மனுஷன் டீயோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

சௌந்தரநாயகி வீட்டிலும் காப்பி வந்தது. மாசாணியம்மாள் தொடவில்லை.

“காப்பி ஆறுது மாசாணி.”

“அப்பறம் குடிக்கறனுங்க. மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேன். பாப்பாவ இனி இந்திக்கு அனுப்ப முடியாதுங்க.”

“ஏன், நான் சொல்லிக்குடுக்கறதுல என்ன கொறை?”

“கொறை ஒண்ணுமில்லீங்க. புள்ளைக்கு முடியலீங்க.”

யுவஸ்ரீ அம்மாவின் விரலை இறுக்கிப் பிடித்தாள். முதலாளியம்மாவின் முகம் சுருங்கத்தான் செய்தது. “அப்பச் சேரி” என்று எழுந்து உள்ளே போய்விட்டார். மாசாணியம்மாள் ஆறிப்போன காப்பியைச் சொட்டு விடாமல் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். மரியாதை மரியாதைதானே!

அதற்குப் பிறகு அவளை யாரும் பிடித்து நிறுத்த முடியவில்லை. கராத்தேயும் படமும் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். கண்ணையா முணுமுணுத்தார். அப்துல் குத்தூஸ் சிரித்துவிட்டு, “இதுக்கா தங்கச்சி இவ்வளவு தயங்குனீங்க?” என்றார். மலையை நகர்த்திவிட்டு வந்த பெண்ணுக்கு அவர் சிரிப்பு புரியவே இல்லை. எனக்கென்னவோ அவள் மலையைத்தான் நகர்த்தினாள் என்று படுகிறது.

திரும்பும் வழியில் வாடகை சைக்கிள் கடைக்கு எதிரே வந்தபோது கேட்டாள். “பாட்டு மட்டும் வெச்சுக்கலாமுங்களா கண்ணு?” கேட்கும்போதே மனதுக்குள் மகள் பட்டுப்பாவாடையோடு மேடையில் உட்கார்ந்துவிட்டாள்.

யுவஸ்ரீ நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், மறுபடியும் முகத்தைப் பார்த்தாள்.

“வேண்டாமுங்கம்மா. பாட்டும் வேண்டாமுங்க.” கடை வாசலில் நின்ற குட்டிச் சிவப்புச் சைக்கிளைக் காட்டினாள். “அது ஓட்டறனுங்க.”

மாசாணியம்மாளுக்குச் சுருக்கென்றது. தன் முகம் சுருங்குவதைப் பிள்ளை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தும், முகத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. யுவஸ்ரீயின் கண்ணில் நீர் கோத்தது. ஆனால் சொன்ன சொல்லை அவள் மாற்றவில்லை.

“சேரீங்க சாமி” என்றாள் மாசாணியம்மாள். ஆயுசு முழுக்க எல்லாரிடமும் சொல்லிவந்த சொல்தான். மனசாரச் சொன்னது அன்றைக்குத்தான்.