ஜன்னலோரம் ஒரு மஞ்சப்பை

எந்த ஊருக்கு எந்த பஸ், எவ்வளவு டிக்கெட் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. போத்தனூரில் எங்கள் தெருக்காரர்கள் வெளியூர் கிளம்பினால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கேட்காமல் போகிறவர்களையும் கூப்பிட்டு நிறுத்திச் சொல்வேன். கால் டாக்ஸி என்று யாராவது வாயெடுத்தால் மட்டும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும்.

சத்தியமங்கலத்தில் கட்டிக்கொடுத்த என் தங்கையின் மகளுக்குப் போன தை மாதம் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். போடுகிற தோடும் மாமன் சீர். தங்கைக்கு நான் ஒரே அண்ணன். காலை ஒன்பதரைக்குள் நான் சீரோடு போய்ச் சேராவிட்டால், அவள் மாமியார் வீட்டார் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும்.

"ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாளைக்காச்சும் கார் சொல்லீரலாமுங்க" என்றாள் மனைவி.

காருக்கு ரெண்டாயிரம் ஆகும், பஸ்ஸில் ஆளுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது என்றேன். காந்திபுரம் வரை டவுன் பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட்டே கிடையாது என்பதையும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன், ஏதோ நானே கொடுத்த சலுகை மாதிரி. அவள், குழந்தைக்கு எடுத்த புதுப் பாவாடை சட்டைக்கு அடியில் தோட்டை வைத்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டாள். நகைக்கடைப் பை என்றால் கண்டவன் கண்ணும் படும், மஞ்சப்பையை எவனும் சீண்ட மாட்டான் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை.

அன்று முகூர்த்த நாள். காந்திபுரத்தில் சத்தி பஸ் உள்ளே நுழையும்போதே கூட்டம் மொய்த்துக்கொண்டது. இப்படிப்பட்ட நேரத்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன். அன்று தோளில் துண்டு இல்லை. அவள் கையிலிருந்த மஞ்சப்பையை வாங்கி, கண்ணில் பட்ட ஜன்னலோர சீட்டில் போட்டுவிட்டேன். போட்ட கையோடு, பஸ் பத்து நிமிஷம் நிற்கும், ஒரு டீ குடித்துவிட்டு ஏறலாம் என்று சொன்னேன். பை உள்ளே இருக்கிறதே என்றாள். மஞ்சப்பையை எவன் தொடப்போகிறான் என்று கேட்டுவிட்டு நடந்தேன்.

பாதி டீ தொண்டையில் இறங்குவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. முகூர்த்த நாளில் ஆள் நிரம்பியதும் எடுத்துவிடுவார்கள். ஊருக்கே புத்தி சொல்கிற எனக்கு அது தோன்றவில்லை. கொஞ்ச தூரம் ஓடினேன், கத்தினேன். டிரைவரைத் திட்டினேன், டீ சூடாக இருந்ததென்று டீக்கடைக்காரரைத் திட்டினேன், கடைசியில் மனைவி மேலும் எரிந்து விழுந்தேன். அவள் செல்போனைப் பார்த்தபடி நின்றாள். நான் திட்டி முடித்தபோது எங்கள் முன்னால் ஒரு கார் வந்து நின்றது.

சரவணம்பட்டி நெரிசலில் கார் ஊர்ந்தபோது எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. வெறுங்கையோடு தங்கை முன்னால் போய் எப்படி நிற்பது? காருக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கக்கூட மறந்துபோனேன்.

அன்னூரில் பஸ் நின்றுகொண்டிருந்தது. படியில் ஆள் தொங்குகிறது, உள்ளே மூச்சுவிட இடமில்லை. ஜன்னலோர சீட்டில் மட்டும் என் மஞ்சப்பை சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. இறங்கி ஓடிப்போய் ஜன்னலுக்கு அடியில் நின்றேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"உங்க பைங்களா? ஆளு வருதுங்க, ஆளு வருதுங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாயே நோவுதுங்க" என்றார்.

இடம் போட்ட பையை நகர்த்தக் கூடாதென்று அதுவரை நின்றுகொண்டே வந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கண்டக்டர் வந்து, சீட்டு காலியாக வந்ததற்கு டிக்கெட் காசு கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வர, ஜன்னல் வழியாகப் பையை வாங்கிக்கொண்டேன்.

ஒன்பதரைக்கு முன்பே மருமகள் என் மடியில் இருந்தாள். ஊசி பட்டதும் ஊரைக் கூட்டினாள், என் கையைக் கடித்தாள். தோடு போட்டுக் கண்ணாடியைக் காட்டியதும் கண்ணீரோடு சிரித்தாள். அந்தக் கடியைவிடச் சுகமானது அன்று எனக்கு எதுவுமில்லை.

வாசலில் நின்ற காரைத் தங்கை பார்த்திருந்தாள். என் குணம் தெரிந்தவள் ஆயிற்றே, நம்ப முடியாமல் கேட்டாள்: "அண்ணா, காருலயா வந்தீங்க?"

சொந்தபந்தம் மொத்தமும் திரும்பியது. இன்றைக்கு மானம் போயிற்று என்று மனைவியைப் பார்த்தேன்.

"இல்ல கண்ணு. சீரு பஸ்ஸுல சீட்டுப் போட்டு முன்னாடி வந்துச்சு. அதுக்குத் தொணையா நாங்க பின்னாடியே காருல வந்தோம்" என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது நான்தான்.

ஊர் திரும்பும்போது எதில் போகலாம் என்று முதல்முறையாக அவளைக் கேட்டேன். பஸ்ஸிலேயே போகலாம் என்றாள். ஆனால் காலியாகிவிட்ட அந்த மஞ்சப்பையை, காந்திபுரம் வந்து சேரும்வரை, அவள் மடியைவிட்டு இறக்கவே இல்லை.