அக்காவின் நிதானமான கல்லீரல்

கல்லீரலுக்கு நன்றி சொல்லி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. நான் எழுதுகிறேன். என்னுடையதற்கு அல்ல, என் அக்காவுடையதற்கு.

அக்காவுக்கு டி.பி. வந்தபோது நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டுத் தென்காசி வீட்டில் இருந்தேன். வேலைக்கு விண்ணப்பம் போடுவது, மீதி நேரத்தில் எல்லோரிடமும் வாயடிப்பது, இதுதான் அப்போது என் உத்தியோகம். அத்தான் பட்டாளத்தில், வடக்கே எங்கேயோ. அக்கா கீழப்பாவூரில் மாமியாரோடு இருந்தாள். விடாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். எக்ஸ்ரே எடுத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். இன்னும் நடை பழகாத அவள் பிள்ளை மாமியாரிடமே நின்றுவிட்டது. சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பிள்ளையைக் கையில் வாங்கலாம். அக்கா மருந்து சாப்பிட்டது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

ஊசி உண்டு. கை நிறைய விழுங்கவேண்டிய குமட்டல் மாத்திரைகள் உண்டு. அவற்றோடு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, ஐசோநயாசிட். பெயரைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அதன் மூலக்கூறு அமைப்பைத் தாளில் வரைந்து அக்காவிடம் காட்டினேன்.

"ஏட்டி, இதத் திங்கவா, வாசல்ல கோலம் போடவா?" என்றாள்.

காய்ச்சல் விட்டது. கன்னத்தில் சதை வைத்தது. எல்லாம் சரியாகிக்கொண்டு வந்த நேரத்தில் பாதம் எரிய ஆரம்பித்தது. முதலில் விரல் நுனியில் எறும்பு ஊறுவதுபோல் இருந்ததாம். பிறகு தோசைக்கல்லில் நிற்பதுபோல. போர்வை பட்டால்கூட அலறினாள்.

"நான் அப்பமே சொன்னம்லா, இங்கிலீஷ் மாத்திரை சூடுன்னு" என்றாள் அம்மா.

எங்கள் ஊரில் உடம்புக்கு வருவது எதுவானாலும் ஒன்று சூடு, இல்லாவிட்டால் குளிர்ச்சி. மோர் கொடுத்தார்கள், நன்னாரி கொடுத்தார்கள், உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அப்போது குற்றாலத்தில் சீசன். அக்காவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அருவிக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு பாறையில் உட்காரவைத்து, காலை மட்டும் நனைக்கச் சொன்னோம். எரிச்சல் அடங்கியது. வந்தது வினை. சூடு என்பது நிரூபணமாகிவிட்டது. சாரல் முடிகிறவரை வெள்ளை மாத்திரை வேண்டாம், அதற்குள் சூட்டையெல்லாம் அருவித் தண்ணீர் இழுத்துவிடும் என்று அம்மாவும் மகளும் சேர்ந்து முடிவு செய்து, இரண்டு நாளாக நிறுத்தியும் விட்டார்கள். மூன்றாம் நாள் மறுபடி அருவிக்குப் போனபோது, அந்தப் பாறையில் வைத்துத்தான் எனக்கு விஷயமே தெரியும்.

"ஒன் கிருமியும் சீசனுக்கு லீவு போட்டிருக்காக்கும்?" என்று கத்தினேன்.

"எரியுதது எனக்குட்டி. நீ தாளுல வரைஞ்சு பாத்துக்கிடுத."

"மாத்திரை சூடுன்னா, அரிசிக்கடை அண்ணாச்சிக்கும் டி.பி.தான, அவரும் அதத்தான திங்காரு? அவருக்கு ஏன் எரியல?"

அம்மா அசரவில்லை. "அது அவரு ஒடம்பு. இது இவ ஒடம்பு. ரெண்டும் ஒண்ணாட்டி?"

ஈரப் பாவாடையோடு இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா செங்கோட்டைக்கு அந்தப்புறம், மலையாளக் கரையிலிருந்து வந்தவர். மாத்திரையை நிறுத்தியதைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. "இடையில நிறுத்தினா கிருமி மருந்துக்குப் பழகிக்கும். பின்ன எந்த மருந்தும் கேக்காது, மோளே." அடுத்து அம்மாவின் வாதத்தைக் கேட்டார். சிரித்துவிட்டார். "சூடு ஒண்ணும் இல்ல. ஆனா ஒடம்பு வேற வேறன்னு சொன்னது சரி."

அவர் சொன்னது இதுதான். விழுங்கிய மருந்து உடம்பில் அப்படியே கிடப்பதில்லை. கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி அதன்மேல் அசெட்டைல் தொகுதி என்ற சின்ன அணுக்கூட்டம் ஒன்றை ஒட்டிவிடுகிறது. அதோடு மருந்தின் வீரியம் போய்விடும், சிறுநீரில் வெளியேறிவிடும். சிலருக்கு இந்த வேலை மளமளவென்று நடக்கும், சிலருக்கு மெதுவாக. பிறவியிலேயே அப்படி. மெதுவான ஆளுக்கு மருந்து ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். தங்குகிற மருந்து நரம்புக்கு வேண்டிய பி6 வைட்டமினைப் பிடித்துத் தன்னோடு வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். நரம்பு பட்டினி. அதனால் எரிச்சல். சோதித்துப் பார்க்க இங்கே வசதியில்லை, ஆனால் அக்கா மெதுவான ரகம் என்றுதான் நினைக்கிறேன் என்றார்.

"அப்பம் என் ஈரல் சோம்பேறியா டாக்டரம்மா?"

"சோம்பேறி அல்ல, நிதானம். மருந்து கூடுதல் நேரம் நின்னு கிருமிய அடிக்கும். நல்லதுதான்."

"பொறந்ததுலேருந்தே எல்லாத்துலயும் அப்பிடித்தான்" என்றாள் அம்மா. "குளிக்கப் போனா விடியும்."

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அனிலினில் அசெட்டைல் தொகுதியை ஏற்ற காலேஜ் லேபில் எனக்குக் குடுவை வேண்டும், பர்னர் வேண்டும், கண்ணைக் கரிக்கும் அன்ஹைட்ரைடு வேண்டும். கையில் கொப்புளம் வேறு. அக்காவோ அதே காரியத்தைப் புகையில்லாமல், சத்தமில்லாமல், வெறும் உடம்புச் சூட்டில் செய்துகொண்டிருக்கிறாள். எனக்கு மார்க் போட்டவர்கள் அவளுக்கு என்ன போடுவார்கள்?

டாக்டரம்மா வெள்ளை மாத்திரையையும் புதிதாக ஒரு வைட்டமின் மாத்திரையையும் நீட்டினார்.

"இதத் தின்னா நாளைக்கு எரியாதா?" என்றாள் அக்கா.

"எரியும். கொறைய நாளாகும். நிறுத்தக் கூடாது."

அக்கா காலைப் பார்த்தாள். "பிள்ளைய எப்பம் தருவிய?" என்று கேட்டாள். "சளி சுத்தமானா அன்னைக்கே" என்றார் டாக்டரம்மா. இரண்டையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

பொய்யாக ஒரு ஆறுதல் சொல்லாமல் "எரியும்" என்று சொன்ன அந்த அம்மாளுக்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். எரியும் என்று தெரிந்தே விழுங்கிய அக்காவுக்கு அதைவிட. பாதம் வாரக்கணக்கில் எரிந்துதான் அடங்கியது. அவள் ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிடவில்லை. மாதங்கள் போய், சளியில் கிருமி இல்லை என்று சொன்ன அன்றைக்கே கீழப்பாவூருக்கு ஆள் அனுப்பினோம்.

மாமியார் பிள்ளையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பிள்ளை நடந்தே வந்தது. அக்காவை அடையாளம் தெரியாமல் அழுதுவிட்டு, அவ்வப்போது கீழப்பாவூர் போய்வந்த என் காலைக் கட்டிக்கொண்டது.

"ஏட்டி, குடு இங்கன" என்று பறித்து இடுப்பில் வைத்துக்கொண்டாள் அக்கா. அது கதறிய கதறலில் தெருவே எட்டிப் பார்த்தது. அவள் இறக்கிவிடவே இல்லை.