உப்பு மூட்டை வைத்த கூரை

சகாதேவன் வீட்டு இரும்புத் தகரம் துருவேறி, சோற்றுத் தட்டிலேயே செதில் உதிர்ந்துகொண்டிருந்தது. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய வீடு. மகள் யுவராணிக்கு ஐப்பசியில் தலைப்பிரசவம். தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். கிளியனூர்ச் சம்பந்தியம்மாள் சொல்லி வைத்துவிட்டாள்: "ஒழுகாத வீடா இருந்தா அனுப்புறேன்."

சித்திரையில், கூரைத் தகடு விற்கும் மீரான் பாய் கடைக்குப் போனார் சகாதேவன்.

"உப்புக் காத்துக்கு இரும்பு ஆவாது. அலுமினியம் போடு. கனமானதா எடு."

"மெல்லிசே போதும் பாய். துருப்புடிக்காதில்ல?"

"புடிக்காது. புயல் அடிச்சா அப்பளம் மாதிரி பறக்கும்."

"பறக்காம பாத்துக்குறேன்."

"ஏன், மேல ஏறிப் படுத்துக்கப் போறியா?"

உப்பளக் கொட்டகைகளின் ஓலைக்கூரை பறக்காதிருக்கக் கழிவு உப்பை மூட்டை கட்டி ஏற்றுவார்கள். சகாதேவனும் பிளாஸ்டிக் பையில் கட்டிய உப்பு மூட்டைகளைப் புதுக் கூரையில் வரிசையாக வைத்தார்.

"புதுசு மேல எதுக்குய்யா இந்தக் கண்றாவி?" என்றாள் மனைவி திரௌபதி.

"பாரம் வேணும்ல."

அழிவென்றால் துரு என்று மட்டுமே அறிந்திருந்தார் அவர். துருப்பிடிக்காததை உப்பு என்ன செய்துவிடும்?

கோடை வெயிலில் பைகள் வெடித்தன. கடல் காற்றின் ஈரத்தில் உப்பு கசிந்து, மூட்டைகளுக்கு அடியிலேயே தேங்கி நின்றது. கீழே இருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

புரட்டாசிக் கடைசியில் சம்பந்தியம்மாள் யுவராணியோடு வீட்டைப் பார்க்க வந்தாள். வெயிலுக்காகக் கதவைச் சாத்தியதும், இருண்ட தரையில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விழுந்தது. சம்பந்தியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பகல்லயே நட்சத்திரம் காட்டுறீங்களே, சம்பந்தி."

"நான் இங்கதான் இருப்பேன் அத்த. ஒழுகுற எடத்துல சட்டி வச்சிக்கிறேன்" என்றாள் யுவராணி.

"கொழந்த மேலயும் சட்டியக் கவுப்பியா?"

திரௌபதி போட்ட டீயைக் குடித்துவிட்டு இருவரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். யுவராணி தங்குவதற்குக் கொண்டுவந்த துணிப்பையையும் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

சகாதேவன் ஏணி வைத்து ஏறினார். மூட்டை வைக்காத இடமெல்லாம் ஷீட் பளபளவென்று புதிதாகவே இருந்தது. உப்புக் கரைந்து பாதியாகச் சுருங்கிக் கிடந்த ஒரு மூட்டையை விலக்கினார். அடியிலும், அது சுருங்கி விட்ட இடத்திலும் அலுமினியம் அரித்து வெள்ளை மாவாகப் பூத்து, ஊசியால் குத்தியதுபோல் துளைகள். ஆயுசு முழுக்கத் தலையில் உப்பு சுமந்தவருக்கு மூட்டையின் எடை தெரியும். இது ஒற்றைக் கையிலேயே வந்துவிட்டது. காற்றைத் தடுக்கும் பாரமும் அதில் மிச்சமில்லை.

கிழக்கே வானம் கறுத்திருந்தது. அடுத்த மூட்டையை விலக்காமலே இறங்கினார்.