தோச்சுலாவில் மேகத்துக்கு மேலே

பூஜை லீவு விட்டால் எங்கள் கிடர்பூர் குவார்ட்டர்ஸில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். வங்காளிகள் குடும்பத்தோடு மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பெரிய பெரிய பை, பொரி டப்பா, வயிற்றுவலி மாத்திரை, ஆளுக்கொரு மங்கி குல்லா. துறைமுகத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் பால்கனியில் நின்று கேலி செய்வார். "அம்பாசமுத்திரத்துக்காரனுக்கு மலைய யாரு காட்டணும்? முழிச்சா மலைலதான முழிப்போம்!" நானும் வருஷா வருஷம் கேட்டேன். வருஷா வருஷம் லீவு இல்லை. இவர் இல்லாவிட்டால் கப்பலெல்லாம் கோபித்துக்கொண்டு போய்விடுமாக்கும்!

அப்புறம் அலிப்பூர் கண் டாக்டர் அதைச் சொன்னார். இவர் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, நடுவில் கொஞ்சம்தான் மிச்சம், அதுவும் போய்விடும், எப்போது என்று சொல்ல முடியாது. வெளியே டாக்ஸிக்கு நிற்கும்போது, "பனிமலை ஒண்ணு பாத்துரணும்ட்டி" என்றார். எனக்கு வந்ததே கோபம்! இத்தனை வருஷம் கேலி பேசின வாய்தானே அது. டாக்ஸியில் ஏறி உட்கார்ந்ததும் அழுகைதான் வந்தது.

அந்தக் குளிர்காலமே பூட்டானுக்குக் கிளம்பினோம். பக்கத்து வீட்டு பௌதி, அதாவது வங்காளி அண்ணி, தன் வீட்டுக்காரரின் மங்கி குல்லாவைக் கொண்டுவந்து இவர் தலையில் மாட்டிவிட்டுத்தான் போனார்.

எல்லைவரை ரயில், பிறகு கார். டிரைவர் பூட்டான்காரர், இந்தி பேசுவார், ஹார்னைத் தொடவே மாட்டார். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம், அடியில் பச்சையாக ஒரு ஆறு. மரத்துக்கு மரம் பாசி தாடி வளர்த்துத் தொங்கியது. ஓர் இடத்தில் அருவி உறைந்துபோய்ப் பாறையோடு அப்படியே நின்றது. விழுகிற தண்ணீர் விழாமல் நிற்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மாடி, என்ன உலகம் இது என்று வாய்விட்டே சொன்னேன். இவர் தலையைத் திருப்பி, அந்தச் சின்ன வட்டத்துக்குள் அதைப் பிடிப்பதற்குள் கார் வளைவு திரும்பிவிட்டது.

"போயிருச்சா?"

"அடுத்தது வரும், சும்மா இருங்க."

திம்புவில் டாக்கின் என்றொரு மிருகத்தைப் பார்த்தோம். அந்த நாட்டின் தேசிய மிருகமாம். இவர் வேலியோரம் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆடு" என்றார். கண்ணை மெல்ல நகர்த்தி, "இல்லட்டி, மாடு" என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முழுசாகப் பார்த்த எனக்கும் அது ஆட்டு மூஞ்சியும் மாட்டு உடம்புமாகத்தான் இருந்தது. கடவுள் அவசரத்தில் ஒட்டவைத்துவிட்டார் போல.

மறுநாள் காலையில் தோச்சுலா கணவாய்க்கு ஏறினோம். பனிமலை வரிசை முழுக்க அங்கிருந்து தெரியும் என்று டிரைவர் சொல்லியிருந்தார். போனால் கண்ணுக்கு எட்டியமட்டும் மேகம். குளிர் எலும்பைத் தொட்டது. மறுநாள் ஊர் திரும்ப வேண்டும். இனி ஒரு குளிர்காலம் வரும்போது இவர் கண் இருக்குமோ என்னவோ. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் திட்டினேன்.

திடீரென்று பக்கத்தில் நின்றவர்கள் கத்தினார்கள். நான் எதிரே பார்த்தேன். காட்டு மலை, அதன்மேல் மேகம், அவ்வளவுதான்.

"ஏட்டி, எங்க?"

"நானும் அதத்தான் தேடுதேன்!"

டிரைவர் சிரித்துக்கொண்டே, "ஊப்பர் தேக்கியே" என்று கையை மேலே தூக்கினார். அப்போதுதான் புரிந்தது. எங்கள் ஊர் மலை எந்த உயரத்தில் நிற்குமோ அந்த உயரத்திலேயே இரண்டு பேரும் தேடிக்கொண்டிருக்கிறோம். இது மேகத்துக்கும் மேலே, வானம்தானே என்று நான் விட்டுவிட்ட இடத்தில் நின்றது. ஒன்றில்லை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, வெள்ளை வெளேரென்று, வெயில் பட்டு. கை தானாகக் கும்பிட்டது.

உடனே இவர் தாடையைப் பிடித்தேன். "மேல பாருங்க. இன்னும் மேல. இன்னும்." குல்லாவோடு அந்த மூஞ்சி மெல்ல நிமிர்ந்தது. ஓரிடத்தில் என் கைக்குள் தாடை அசையாமல் நின்றுவிட்டது.

"ஆத்தாடி!" என்றார். ஒரு சிகரத்திலிருந்து அடுத்த சிகரத்துக்கு, கோடு போட்ட மாதிரி மெல்ல முகத்தை நகர்த்தினார்.

பிறகு என்ன செய்தார் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டார். திறந்தார். மறுபடி மூடினார். கீழேயிருந்து மேகம் ஏறிக்கொண்டிருக்கிறது, இந்த மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்!

"கிறுக்கா பிடிச்சிருக்கு? மூடப்போகுது, கண்ணத் தொறந்து பாருங்க!"

"கத்தாதட்டி" என்றார். "மூடுனாலும் நிக்குதான்னு பாக்கேன்."

தாடையிலிருந்து கையை எடுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மேகம் ஒவ்வொரு சிகரமாக மூடிக்கொண்டு வந்தது. கடைசிச் சிகரமும் மறைந்த பிறகுதான் கேட்டேன்.

"நிக்குதா?"

"நிக்குது" என்றார்.