தண்ணீருக்குள் என் கையைப் பிடித்தவள்

எனக்கு எழுபத்தொன்பது நடக்கிறது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன், நாலு நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது, இதில் ஒன்றுக்காகவும் நான் யாரிடமும் போய்க் கை நீட்டி நின்றதில்லை. பள்ளிக்கூடம் மூன்றாவது வரைக்கும்தான். என் பெயரை எழுதுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயரைப் படிப்பேன், எனக்கு அது போதும். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். முனி, மோகினி, காற்று, கருப்பு எதையும் இவள் நம்பினவள் இல்லை என்று முதலில் எழுதிவிடு என்று சொல்லியிருக்கிறேன். விடிவதற்கு முன்னால் தனி ஆளாக ஏரியில் இறங்கினவள் நான். பேய் என்று ஒன்று இருந்து என்னைப் பார்த்திருந்தால் அதுதான் பயந்து ஓடியிருக்கும் என்று என் அம்மாவே சொல்லுவாள். அதனால் இதைப் படிக்கிறவர்கள் கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பசியாவரம், பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கிறது. அங்கே எங்களுக்குத் தொழில் கையால் இறால் பிடிப்பது. பனை ஓலையில் முடைந்த பறி என்று ஒரு கூடை, அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பு வரைக்கும் தண்ணீரில் மண்டிபோட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவிப் போக வேண்டும். விரலில் தட்டுப்படும் இறாலைப் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். வாயில் கயிறு இருப்பதால் பேச முடியாது. பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் போகும்போது சேற்றுக்குள் ஒருத்தி கைமேல் இன்னொருத்தி கை படும், பாம்போ கெளுத்தியோ என்று பதறிவிடுவோம். அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தோம். தொட்டவள் இரண்டு தடவை அழுத்துவாள், நான்தான் என்று அர்த்தம். மற்றவள் ஒரே ஒரு தடவை நீளமாக அழுத்துவாள், சரி, இங்கேயே இரு என்று அர்த்தம். பக்கத்தில் ஆள் இருந்தால் ஏரியில் அது ஒரு தைரியம்.

அந்தத் தைரியம் எனக்கு அப்போது இல்லை. என் வீட்டுக்காரர் காக்கிநாடா பக்கம் போட் வேலைக்கு என்று போனவர் திரும்பவில்லை. அங்கே வேறு குடும்பம் என்று சொன்னார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் தினமும் ஏரியில் இறங்கும்போது யாராவது ஒருத்தி, "இன்னாமே, ஆள் வந்துச்சா?" என்று கேட்பாள். இரக்கப்படுகிற மாதிரி கேட்பாள், கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பாள். எனக்கு அது பிடிக்காது. அவர்கள் கிழக்கே போனால் நான் மேற்கே போய் மேட்டுப் பக்கமாகத் தனியாக இறங்குவேன். வீடு நிறையப் பிள்ளைகள், பேச ஒரு ஆள் இல்லை. அப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

என் கடைசிப் பெண் தவழ்ந்துகொண்டிருந்த வருஷம், எழுபத்தேழாக இருக்கும், பழவேற்காட்டு டீக்கடை பாய் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் விட்டார். பெயர் லீனா. முதுகில் அவள் உயரத்துக்கு ஒரு பை. பழைய வெள்ளைக்காரர் கல்லறையைப் பார்க்க வந்தாளாம், அந்தக் கல்லில் எழுதியிருப்பது அவள் ஊர்ப் பேச்சாம், பார்த்துவிட்டுப் போகாமல் தினமும் அங்கேயே போய் உட்கார்ந்திருந்தாளாம். பயல்கள் கல்லை விட்டு எறிகிறார்கள், பொம்பளை இருக்கும் வீட்டில் நாலு நாள் இருக்கட்டும் என்றார் பாய். நாலு நாள் என்று வந்தவள் தை, மாசி இரண்டு மாதமும் இருந்துவிட்டாள்.

திருவண்ணாமலையில் கொஞ்ச காலம் இருந்து பிடித்த தமிழ் அவளுக்கு. ஊரை விட்டுக் கிளம்பும்போது ஆறு மாதத்தில் வருகிறேன் என்று அவள் அம்மாவிடம் சொன்னாளாம். நாலு வருஷம் ஆகிவிட்டது. துருக்கி, பாரசீகம், காபூல், நேபாளம் என்று பஸ்ஸிலும் லாரியிலும் வந்திருக்கிறாள். பனி விழும் ஊரில் யாரோ கொடுத்த கம்பளி, பாலைவனத்தில் யாரோ தைத்துக் கொடுத்த செருப்பு என்று அந்தப் பையில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவாள். எங்கே போனாலும் சோறு போட ஒரு வீடு இருந்தது என்பாள். சொல்லிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்திவிடுவாள். நாலு வருஷத்தில் தன் பெயரைச் சரியாகச் சொல்லி ஒருத்தரும் கூப்பிடவில்லையாம். கட்டைவிரலில் நேபாளத்தில் வாங்கின வெள்ளி மோதிரம் ஒன்று போட்டிருந்தாள், மேலே சுண்டைக்காய் மாதிரி ஒரு குமிழ். பேச்சு நின்றுபோனால் அந்தக் குமிழைத்தான் திருகிக்கொண்டிருப்பாள்.

விமான டிக்கெட்டு அவளிடம் இருந்தது. பாய் இரண்டு தடவை தேதி மாற்றிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் பையைக் கட்டுவாள், படகுத்துறை வரைக்கும் போவாள், திரும்பி வந்துவிடுவாள். "இன்னாடி, காலுல இன்னா முள்ளா குத்திச்சி?" என்று கேட்டேன். அவள் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை.

"போறது ஈசி அக்கா. நிக்கிறதும் ஈசி. திரும்பிப் போறதுக்குத்தான் கால் வரல. அம்மா கதவு தொறந்து, நீ யாருன்னு கேட்டா?"

கல்லறையில் இருப்பவர்களைப் பற்றியும் அப்படித்தான் சொன்னாள். அவர்களும் இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று சொல்லிக் கப்பலேறி வந்தவர்களாம். ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை, நானும் அவர்களோடு சேர்ந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றாள்.

நம்பினால் நம்புங்கள், அவள் போகாமல் இருந்தது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என்னோடு ஏரிக்கு வர ஆரம்பித்துவிட்டாள். என் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு, பறிக் கயிற்றைக் கடித்துக்கொண்டு, மூக்கு சிவக்க மண்டிபோட்டு வருவாள். இரண்டு தடவை, ஒரு தடவை என்று அழுத்தும் வழக்கத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், அதில் அவளுக்கு அவ்வளவு ஆசை. சேற்றுக்குள் இரண்டு தடவை அழுத்துவாள், அந்தக் குமிழ் என் விரல் முட்டியில் இடிக்கும், நான் ஒரு தடவை அழுத்துவேன். சில சமயம் நல்ல கொழுத்த இறாலாக ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டுப் போவாள். பாவம், பிடித்ததைப் பறிக்குள் போடத் தெரியவில்லை போல, என்னிடம் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

மாசி முடிகிற சமயம் டிக்கெட்டுக்குக் கடைசித் தேதி வந்துவிட்டது. இனிமேல் மாற்ற முடியாது என்று பாய் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சோறு போட்டு எதிரில் உட்கார்ந்தேன். இரு என்று ஒரு சொல் சொன்னால் அவள் இருந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குக் காக்கிநாடாவில் யாரோ ஒருத்தி அப்படிச் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. "இந்தா பாரு, நீ கெளம்பு. ஒங்கம்மா யாருன்னு கேட்டா, ஒம் பொண்ணுன்னு சொல்லு. வாய் இருக்குதுல்ல?" என்றேன். அவள் சிரித்தாள், அப்புறம் அழுதாள். போய்ச் சேர்ந்ததும் பாய் கடைக்குக் கடுதாசி போடுகிறேன் என்று என் தலையில் கை வைத்துச் சொன்னாள். மறுநாள் பதினோரு மணிப் பொன்னேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலிலிருந்து அவள் கையாட்டவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

பஸ் போனதும் நேராக ஏரிக்குத்தான் போனேன். வீட்டில் அவள் படுத்த பாய் சுருட்டாமல் கிடந்தது, அதைப் போய்ப் பார்க்க மனம் வரவில்லை. நல்ல உச்சி வெயில். காற்றில்லை. எங்கள் மேட்டுப் பக்கம் வழக்கமாக இறங்குகிற இடத்தில் இறங்கினேன். கொஞ்ச தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன, நூறு அடியில் ஆள் தலை தெரிந்தால் எழும்பிவிடும் பறவை, நான் தலையைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

என் வலது கையின் மேல் ஒரு கை வந்து படிந்தது.

பதறவில்லை. அதுதான் ஆச்சரியம். சேறு குளிர்ச்சியாக இருந்தது, அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு தடவை அழுத்தியது. இரண்டு தடவையும் மோதிரக் குமிழ் என் விரல் முட்டியில் இடித்தது. பழக்கம்தான், யோசிக்கவே இல்லை, நானும் ஒரு தடவை நீளமாக அழுத்தினேன். அந்தக் கை ஒரு இறாலை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, போய்விட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, லீனாவை இப்போதுதானே பஸ் ஏற்றிவிட்டு வந்தோம் என்று. வாயிலிருந்த கயிற்றை விட்டுவிட்டு எழுந்து நின்றேன். சுற்றிலும் ஒருத்தரும் இல்லை. தண்ணீரில் நான் எழுந்த அலை தவிர வேறு அலை இல்லை. பூநாரைகள் நான் எழுந்ததைப் பார்த்துத்தான் பறந்தன, அதுவரைக்கும் அவை அசையவில்லை. என் கையில் இறால் துடித்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் நான் தினமும் பாய் கடைக்குப் போய் நின்றேன். கடுதாசி வந்ததா என்று கேட்க மாட்டேன், டீ குடிப்பேன், அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் இல்லை என்று தலையாட்டுவார். இரண்டு மாதம் கழித்து அவரும் கடையை மூடிவிட்டு மகனோடு மெட்ராஸ் போய்விட்டார். நான் தெரிந்துகொண்டேன். போகிற வழியில் எங்கேயோ அந்தப் பெண்ணுக்கு ஆயுசு முடிந்துவிட்டது, என்னிடம் சொல்லிவிட்டுப் போகத்தான் அந்தக் கை வந்தது. போ என்று அனுப்பினது நான். அவள் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. வருஷா வருஷம் மாசிக் கடைசியில் ஒரு வாழை இலையில் சோறும் வறுத்த இறாலும் வைத்து எடுத்துப் போய் அந்த இடத்தில் தண்ணீரில் விடுவேன். இலை மிதந்து போகாது. கொஞ்ச நேரம் நிற்கும், அப்புறம் ஒரு ஓரமாகச் சாய்ந்து உள்ளே போய்விடும். மீன் இழுக்கிறது என்று சொல்லிக்கொள்வேன்.

தவழ்ந்த பெண் பெரியவளான வருஷம். சடங்குக்குச் சாமான் வாங்கப் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். பொன்னேரி பஸ்ஸிலிருந்து ஒரு வெள்ளைக்காரி இறங்கினாள், கூட ஒரு சின்னப் பெண். முடியை வெட்டியிருந்தாள், உடம்பு போட்டிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா" என்றாள்.

நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கன்னத்தைத் தொட்டேன், கையைத் தொட்டேன், சூடு இருக்கிறதா என்று பார்த்தேன். பாய் கடைக்குக் கடுதாசி போட்டாளாம், அது எங்கே போயிற்றோ. வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போட்டேன். தமிழ் பாதி மறந்திருந்தது. அவள் அம்மா கதவைத் திறந்து யார் வேண்டும் என்றுதான் கேட்டார்களாம். "நீ சொன்ன மாதிரி சொன்னேன் அக்கா, ஒம் பொண்ணுன்னு. உள்ள இஸ்துக்கினு போய் சூப் குடுத்தாங்க." சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினது. போய்ச் சேர்ந்துவிட்டாள், அது போதும் என்று நினைத்தேன்.

அப்புறம் அவள் மகளிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். ஏரியில் நான் அவள்மேல் இரக்கப்பட்டுத் தண்ணீருக்குள்ளேயே அவள் கையில் இறால் வைத்து மூடுவேனாம், அதைச் சொல்கிறாளாம்.

"நானா? நீதானே எனக்குக் குடுப்பே" என்றேன்.

"இல்ல அக்கா. நான் குடுத்ததே இல்ல. நீதான் குடுப்பே."

நானும் கொடுத்ததில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் கட்டைவிரலைப் பார்த்தேன், வெறுமையாக இருந்தது. மோதிரம் எங்கே என்று கேட்டேன்.

"ஏரில போச்சி அக்கா. கடைசியா எறங்கினோம்ல, அன்னிக்கி. சேத்துல கழண்டுடுச்சி. சொன்னா நீ தேடுவே. நீ தேடினா நான் நின்னுடுவேன்."

நான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். அன்று சாயங்காலமே அவள் போய்விட்டாள். இந்தத் தடவை ஜன்னலிலிருந்து நன்றாகக் கையாட்டினாள்.

அந்த முதல் தடவை அவள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, அவள் தொலைத்த மோதிரத்தைப் போட்டுக்கொண்டு ஒரு கை என்னைத் தேடி வந்திருக்கிறது. இதற்குமேல் எனக்குத் தெரியாது, தெரிந்தமாதிரி பேசவும் மாட்டேன். ஆனால் அதற்கு எங்கள் வழக்கம் தெரிந்திருந்தது. அப்படியென்றால் அந்த இரண்டு மாதமும் அது எங்கள் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, எனக்கும் அவளுக்கும் நடுவில். நான் அழுத்தினதில் எத்தனை லீனாவின் கை, எத்தனை அது, யோசித்துப் பார்த்தால் இப்போதும் கைமுடி நிற்கிறது. இலை போடுவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. யாராக இருந்தால் என்ன, பசித்திருக்குமே.

இப்போது முட்டி விட்டுப்போய்விட்டது, தண்ணீரில் இறங்கிப் பல வருஷம் ஆகிறது. இலை போடுவதும் அதோடு நின்றுபோயிற்று. படுத்தால் ஒன்றுதான் மனதில் ஓடுகிறது. அது இரண்டு தடவை அழுத்தி நான்தான் என்றது. நான் ஒரு தடவை அழுத்தினேன். இங்கேயே இரு என்று அர்த்தம். லீனாவை வாய் திறந்து போ என்று அனுப்பினேன், போய்ச் சேர்ந்தாள். அதனிடம் இரு என்று சொல்லிவிட்டுக் கரையேறி வந்துவிட்டேன். அதைப் போ என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

போதும், எழுதினது வரைக்கும் போதும். பேனாவை வை கண்ணு. அந்த உச்சி வெயிலில் நான் ஏரியில் இறங்கினேன் பார், அங்கிருந்து ஒரு தடவை எனக்குப் படித்துக் காட்டு. மெதுவாகப் படி.