இன்னும் கொஞ்சம் பின்னால்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கும் சிரிப்புதான் வரும். அந்தச் சாயங்காலம் வரை வந்தது.

ஆன்டெனா பொருத்துவது என் தொழில். கூட வேலை செய்பவன் என் மனைவியின் தம்பி. ‘மாமா’ என்று ஆரம்பிக்காமல் அவனுக்குப் பேச வராது. “மாமா, டீ ஆறுது.” “மாமா, உங்க தொப்பை ஏணியில இடிக்குது.”

அன்று போனது ஓர் ஆம்புலன்ஸ் அலுவலகத்துக்கு. மூன்று மாடி. டிரைவர்கள் ரேடியோவில் பேசுவது ஒரே இரைச்சலாக வருகிறதாம். மொட்டைமாடியில் ஏறியதுமே புரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் ரேடியோவுக்கு ஒன்று, தீயணைப்பு ரேடியோவுக்கு ஒன்று என இரண்டு ஆன்டெனாக்கள் உரசிக்கொண்டு நின்றன. அவ்வளவு நெருக்கத்தில் ஒன்று வாங்கும் சிக்னலை மற்றது கெடுத்துவிடும்.

“எந்த மடையன் இப்படி நட்டான்?” என்று திட்டிக்கொண்டே ஒன்றைக் கழற்றினேன்.

மச்சினன் கீழே ரேடியோ அறைக்குப் போனான். ஜன்னல் இல்லாத அறை. அவன் ரேடியோவைக் கேட்பான். நான் கழற்றிய ஆன்டெனாவைக் கம்பத்தோடு தூக்கிக்கொண்டு, அடுத்த ஆன்டெனாவைப் பார்த்தபடியே பின்னால் நகர்வேன். இரைச்சல் எங்கே நிற்கிறது என்று வாக்கி டாக்கியில் சொல்வான். எப்போதும் அப்படித்தான் செய்வோம்.

மணி ஆறே முக்கால். இருட்டிக்கொண்டு வந்தது. மூடுபனி வேறு.

“பின்னால போங்க.”

போனேன்.

“இரைச்சல் போகலை. இன்னும் கொஞ்சம்.”

கம்பம் தோளை அழுத்தியது. இவ்வளவு தள்ளியுமா போகவில்லை?

“இன்னும் கொஞ்சம்...”

அவன் குரல்தான். ஆனால் அதில் ஏதோ குறைந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

“இடது கால்கிட்ட ஒயர் கிடக்கு. தாண்டி வைங்க.”

குனிந்து பார்த்தேன். கிடந்தது. தாண்டினேன்.

தாண்டிய பிறகுதான் உறைத்தது.

ஜன்னல் இல்லாத அறையில் இருப்பவனுக்கு... என் கால் எப்படித் தெரியும்?

“டேய்... எங்கடா இருக்க?”

கொர்ர்ர்...

“இன்னும் ஒரே அடி.”

மாமா இல்லை.

முதலிலிருந்தே... ஒரு தடவைகூட அவன் ‘மாமா’ என்று சொல்லவில்லை.

“வைங்க காலை.”

இந்தத் தடவை அது வாக்கி டாக்கியில் வரவில்லை.

என் பிடரிக்குப் பின்னால் கேட்டது.

“மாமா! நில்லுங்க!”

எதிரே, மாடிப்படி வாசலில், டார்ச்சோடு மச்சினன்.

என் குதிகாலுக்குக் கீழே தரை இல்லை.

கம்பத்தை முன்னால் எறிந்துவிட்டுக் குப்புற விழுந்தேன். அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவரே கிடையாது. ஏறும்போதே பார்த்திருந்தேன். குரலை நம்பி மறந்துவிட்டேன்.

அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “மாமா, அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“நீதானேடா பின்னால போகச் சொன்ன?”

“மாமா, நான் கீழ போனதுமே வாக்கி டாக்கி செத்துப்போச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

மறுநாள் காலை ரேடியோ அறையில் வேலை செய்யும் ஓர் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

“முன்னாடி ஒருத்தர் இதே வேலைக்கு வந்தாரு. கீழ அவரோட தம்பி. ‘இன்னும் போகட்டுமா, இன்னும் போகட்டுமா’ன்னு கேட்டுக்கிட்டே பின்னால போய் விழுந்துட்டாரு. அப்புறம் யாரோ அந்த ஆன்டெனாவைப் பழைய இடத்திலேயே நட்டுட்டாங்க.”

“தம்பி ஏன் நிறுத்தச் சொல்லலை?”

“அவர் அப்ப இந்தக் கட்டிடத்திலேயே இல்லைங்க. வாக்கி டாக்கிக்குப் பேட்டரி வாங்கக் கடைக்குப் போயிருந்தாரு.”